மருந்தென்னும் நஞ்சு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊராகிய கோம்பையிலும், கம்பம் பள்ளத்தாக்கின் ஏனைய ஊர்களிலும் உழவர் பூச்சிகொல்லியை நஞ்சென்று கூறுவதில்லை; ‘மருந்து’ என்றே கூறுவர். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு என்பர் இலக்கண நூலார். நஞ்சினை மருந்தென்பதும் அவ்வகையினது போலும்! ஆயின், முன்னதனால் எவர்க்கும் தீங்கில்லை; பின்னதோ அச்சத்தைப் போக்கி உடலைக் கெடுப்பது.

நாட்டின் பிற பகுதிகளில் திராட்சை ஆண்டிற் சில திங்களே பழுக்கும். இப்பள்ளத்தாக்கிலோ ஆண்டு முழுதும் அறுவடை உண்டு. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றது. பெருமைதான். ஆனால், அறுவடை ஓயாத இடத்தில் மருந்தடிப்பும் ஓய்வதில்லை. கொடி தலைக்குமேற் பந்தலிற் படர்வதாதலின், தெளிப்போர் அண்ணாந்து நின்று தெளிக்க, துளிகள் முகத்திலும் தோளிலும் வீழ்கின்றன. வாயிற் கட்டிய துண்டு நனைந்தபின் நஞ்சைத் தடுப்பதில்லை. அதனை மூக்கருகே நிறுத்தி வைக்கின்றது. பூச்சிகொல்லிகளுட் பல தோல் வழியாகவும் உட்புகுவன. அவற்றுள் ஒரு வகை, நரம்பின் இயக்கத்தைச் சீர்செய்யும் நொதியை முடக்கும். தலைவலியும் வாந்தியும் உடனே தோன்றும். உடனே தோன்றும் கேட்டினை மக்கள் அறிவர். ஆண்டுகள் கழித்துத் தோன்றுவதே ஏமாற்றுவது.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1880-களில் பிரெஞ்சு நாட்டில் வழக்கிற்கு வந்தது. அதனைத் திராட்சைக்குத் தெளித்த போர்த்துகல் தொழிலாளரின் நுரையீரலிற் செம்பு படிந்து நோய் உண்டானமையை மருத்துவர்கள் எடுத்துரைத்தது 1969-இல். இடையிற் கழிந்த காலம் எத்துணை! கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மீது எண்டோசல்பான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வானிலிருந்து தெளிக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் அதற்கு நாடெங்கும் தடை விதித்தது 2011-இல்தான்.

‘தெளிப்போர் அனைவரும் நோயுறவில்லையே’ என்பார் உளர். உண்மையே. உட்சென்ற அளவு, பழகிய காலம், அகவை, உடலின் இயல்பு ஆகியவற்றிற்கேற்ப நோய் வரும் வாய்ப்பு மிகும், குறையும். புகைப்போர் அனைவரும் புற்றுநோய் எய்துவதில்லை. அதனாற் புகையிலை குற்றமற்றதாகிவிடுமோ?

கையுறை அணியாத கூலியாளைப் பழிப்பதும் முறையன்று. அன்றாடக் கூலியில் அவன் கையுறையும் மூச்சுக்கவசமும் எங்ஙனம் வாங்குவான்? பழத்தின் விலையாற் பயன் பெறுவோரே அச்செலவை ஏற்றல் வேண்டும். அவன் உடுத்த ஆடையைத் தனியே துவைக்க வேண்டுமென்பதையும் இல்லத்தார் அறிதல் நலம். இன்றேல் அந்நஞ்சு பிள்ளைகளின் ஆடையிலும் ஏறும்.

சட்டம் இச்சொல்லை மயங்கவில்லை. பூச்சிகொல்லிப் புட்டியின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு நிறங்களுள் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது விதி. சிவப்பும் மஞ்சளும் உள்ளவற்றில் நஞ்சு என்றே பொறித்திருக்கும். பச்சையும் தீங்கின்மையைக் குறிப்பதன்று. நச்சுத்தன்மை குறைவென்பதையே குறிக்கும்.