கடைசி 80 கிலோமீட்டர்

சிங்கப்பூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். விமானத்தில் சுமார் 4 மணி நேரம். மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கொடைக்கானல் 130 கிலோமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே. காரில் அதுவும் 4 மணி நேரம்! சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் நண்பனும் நம்பவில்லை.

அவனுக்கு சிங்கப்பூரில் வேலை. அப்பா, அம்மா கொடைக்கானல் நாயுடுபுரத்தில். போன மாதம் ஒரு ராத்திரி போன்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலியாம்டா. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. காலையில 10 மணிக்கு ஃப்ளைட். பதினொன்றரைக்கு மதுரை. நீ காரோட வந்துடு."

பத்துக்குக் கிளம்பி பதினொன்றரைக்கா? ஒன்றுமில்லை, சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வரும்போது அதைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். போகும்போது பிடுங்கிக்கொள்வார்கள். கேலி செய்கிற நேரமில்லை என்பதால் "சரிடா" என்றேன்.

ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரும்போது மணி பன்னிரண்டே கால். வாடிப்பட்டி தாண்டுவதற்குள் வாட்சை இருபது தடவை பார்த்துவிட்டான். அப்புறம் செல்போனை எடுத்தான். இன்ஜினீயர் அல்லவா, சும்மா இருப்பானா?

"நேர்கோட்டுல ஏர்போர்ட்லேர்ந்து கொடைக்கானல் 80 கிலோமீட்டர்தான்டா. அதே பிளேன் அப்படியே போயிருந்தா 6 நிமிஷம்!"

"இறங்க இடம்?"

பேச்சில்லை.

வத்தலக்குண்டு போய், காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டியதும் மலை. மேலே 7,000 அடி. நேராக ரோடு போட்டால் எந்த வண்டியும் ஏறாது, இறங்குகிற வண்டிக்கு பிரேக் நிற்காது. அதனால்தான் உயரத்தைக் கயிறு மாதிரி சுற்றிச் சுற்றிப் போட்டு வைத்திருக்கிறார்கள். "1845-ல மிஷனரிங்க இங்க வீடு கட்டினப்போ குதிரை, டோலி, இல்லேன்னா நடைதான். அதுக்கு நாம ராஜாடா" என்று ஆறுதல் சொன்னேன். எடுபடவில்லை.

ஊத்து தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது. முன்னால் ஒரு லாரி.

"அண்ணே, கொஞ்சம் ஓவர்டேக் பண்ணுங்க."

டிரைவர் திரும்பாமலே சொன்னார். "தம்பி, இந்த வளைவுல அவசரப்பட்டா கொடைக்கானல் போக முடியாது. அதுக்கும் மேலதான் போகணும்."

அதற்குப் பிறகு வாட்சைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நாலே காலுக்கு ஆஸ்பத்திரி. கையில் டிரிப்ஸ் ஊசியோடு அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர், "நல்ல நேரத்துல கொண்டாந்தாங்க, இனி பயமில்லை" என்று சொல்லிவிட்டாராம். மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெருமாள்மலைகிட்ட மேகமா?"

"ஆமாப்பா."

"வாந்தி எடுத்தியா? சின்னப் பிள்ளையில அந்த வளைவு வந்தாலே எடுப்பியே."

சிங்கப்பூர் இன்ஜினீயர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதான். நான் டீ வாங்குகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

வெளிநாட்டு வேலைக்கு ஆர்டர் வாங்கி வைத்திருக்கும் தம்பிகளே, சம்பளக் கணக்கோடு இந்தக் கணக்கையும் போட்டு வையுங்கள். ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் அல்ல. உங்கள் ரூம் வாசலிலிருந்து அப்பாவின் கட்டில் வரைக்கும். நண்பனுக்கு அது 12 மணி நேரம். அதில் ஆகாயத்தில் பறந்தது நாலுதான். மிச்சம் எட்டை எந்த டிக்கெட்டிலும் அச்சடிப்பதில்லை.