எம்பிஏ முடித்தால் நல்ல சம்பளம் நிச்சயமா? சேரும் முன் கேட்க வேண்டியது என்ன?

'எம்பிஏ படிச்சா லைஃப்ல செட்டில் ஆகிடலாம்' என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் கேட் எழுதி ஐஐஎம் போகிறவருக்கும், டான்செட் எழுதி ஊர்ப்பக்கக் கல்லூரியில் சேர்கிறவருக்கும் பட்டத்தின் பெயர் ஒன்றுதான். வேலைச் சந்தையில் மதிப்பு ஒன்றல்ல.

விளம்பரம் சொல்லாதது என்ன?

'ஹையஸ்ட் பேக்கேஜ்', 'சராசரி சம்பளம்' என்றுதான் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருக்கும். 10 பேரில் 9 பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம், ஒருவருக்கு 30 லட்சம் என்றால் சராசரி 5.7 லட்சம். ஆனால் அந்தச் சம்பளம் யாருக்குமே கிடைக்கவில்லை! வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது 3 லட்சம்தான். இதுதான் 'மீடியன்' சம்பளம்.

எங்கே பார்ப்பது?

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். இணையதளத்தில், தரவரிசையில் உள்ள கல்லூரிகள் கொடுத்த விவரங்கள் இருக்கின்றன. எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மீடியன் சம்பளம் எவ்வளவு என்று பார்க்கலாம்.

கடன் கணக்கு

10 லட்சம் கல்விக்கடன், 10% வட்டி, 7 ஆண்டு தவணை என்றால் மாத இஎம்ஐ சுமார் 16,600 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000. மிச்சம் 8,400 ரூபாயில் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் முடியுமா?

அதனால் அட்மிஷனுக்குப் போகும்போது 'ஹையஸ்ட் எவ்வளவு?' என்று கேட்காதீங்க. 'மீடியன் எவ்வளவு?' என்று கேளுங்க.