வாடகைக்கு விட்ட வீட்டை வாங்குறீங்களா? கரையானுக்கு யார் பொறுப்பு?

திருப்பரங்குன்றத்தில் ஆள் குடியிருக்கும் வீடு ஒன்றை ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை வரும், இஎம்ஐ-யில் பாதி கழிஞ்சிடும் என்பது கணக்கு. வில்லங்கச் சான்றும் சுத்தம். கிரயம் முடிந்த மறுவாரம் வாடகைதாரர் போன் செய்கிறார்: "சார், பெட்ரூம் கதவு நிலையைக் கரையான் அரிச்சிடுச்சு. எப்போ சரி பண்ணுவீங்க?"

செலவு யார் தலையில்?

விற்றவரிடம் கேட்க முடியுமா?

முடியும், ஆனால் எப்போதும் அல்ல. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் அது வாங்குபவருக்குத் தெரியாததாகவும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்ணில் படாததாகவும் இருக்க வேண்டும். சுவரில் மண் கோடு பளிச்சென்று ஓடியிருந்தால், 'நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க' என்ற பதில் வரும். புது பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் கதை வேறு.

அப்போதும், அவருக்கு முன்பே தெரியும் என்று காட்ட வேண்டும். அதற்கான சாட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்: வாடகைதாரர். பழைய ஓனருக்கு அவர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும், வழக்கு வலுவாகிவிடும்.

வாடகைதாரருக்கு யார் பதில் சொல்வது?

அதே சட்டத்தின் 109-வது பிரிவுப்படி, வாடகைதாரர் விரும்பினால் பழைய ஓனரின் பொறுப்புகள் புது ஓனர் மேல் வரும். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேரை ஓனர் பக்கமும், கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுப்பது போன்றவற்றை வாடகைதாரர் பக்கமும் வைக்கிறது. கதவு நிலையை அரிக்கும் கரையான் பெரும்பாலும் ஓனர் செலவுதான். கிச்சன் கரப்பான், மூட்டைப்பூச்சி விஷயத்தில்தான் தகராறு வரும். அதனால் புது வாடகை ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது.

மதுரைப் பக்கம் ஒத்திக்கு இருப்பவர்களும் உண்டு. அப்படியென்றால் ஒத்திப் பணத்தை யார் திருப்பித் தருவது என்பதையும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* ஓனர் பக்கத்தில் இல்லாதபோது வாடகைதாரரிடம் பேசுங்கள். 'பூச்சி, எலித் தொல்லை உண்டா? கடைசியா எப்போ மருந்து அடிச்சாங்க?' என்று கேளுங்கள்.

* கதவு நிலை, லாஃப்ட், சிங்க் அடியில் உள்ள கப்போர்டு ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் உஷார்.

* கரையான் இல்லை என்ற உறுதிமொழியை விற்பவரிடம் வாங்கி, கிரய ஒப்பந்தத்தில் சேருங்கள். இருந்தால் செலவை விலையில் கழியுங்கள்.

* மேலாக ஸ்ப்ரே அடித்தால் மட்டும் கரையான் போகாது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் துளையிட்டு மருந்து ஏற்ற வேண்டும். பாத்திரம், பீரோ எல்லாம் நகர்த்தணும் என்பதால் தேதியை வாடகைதாரரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பத்திரத்தை வக்கீல் படிப்பார். வீட்டைப் படித்தவர் அங்கே குடியிருப்பவர்தான். அவரிடம் பேசும் பத்து நிமிஷம் பிறகு வரும் பெரிய செலவைத் தவிர்க்கும்.