அண்ணி படித்த பாறை

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் வீட்டில் இரண்டு கேள்விகள் பிறக்கும். எவ்வளவு பணம்? யார் கையெழுத்து? சென்ற ஜனவரியில் மங்களூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்றாவது கேள்வி ஒன்றும் பிறந்தது.

"பூகோளம் படிக்கக் கடலுக்கு நடுவிலா போக வேண்டும்?" என்றாள் அண்ணி.

ஒன்பதாம் வகுப்புப் பெண்களை, உடுப்பிக்கு அருகிலுள்ள மால்பேயிலிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவுக்கு அழைத்துப் போகிறார்களாம். அண்ணன் மகள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணியின் பயமும் வீண் பயம் அல்ல. அலையும் வழுக்குப் பாறையும் உள்ள இடம். மழைக்காலத்தில் படகே விடுவதில்லை. கடைசியில் அண்ணியும் நானும் துணைக்குப் போவதென்று சமாதானம் ஆயிற்று.

தீவில் இறங்கினால் காலடியில் மணலைவிடக் கிளிஞ்சல்தான் அதிகம். 1498-ல் வாஸ்கோடகாமா இங்கே இறங்கியதாக ஒரு கதை சொல்வார்கள். ஆனால் தீவின் சொந்தக் கதை அதற்கு வெகு முந்தியது. கரையெங்கும் செதுக்கி நிறுத்தினாற்போல் கல் தூண்கள். பலவற்றுக்கு ஆறு பக்கம். சிலவற்றுக்கு ஐந்து, ஏழு.

"எந்த ராஜா கட்டினது, டீச்சர்?" என்றாள் ஒரு பெண்.

"ராஜா இல்லை, நெருப்பு! சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், மடகாஸ்கர் நம் நாட்டை விட்டுப் பிரிந்த காலத்தில், பூமிக்குள்ளிருந்து எரிமலைக் குழம்பு பொங்கி வந்தது. ஆறும்போது சுருங்கிற்று. சுருங்கியதால் வெடித்தது. சூடு தணியத் தணிய வெடிப்பு உள்ளே இறங்கிற்று. மிஞ்சியவைதான் இந்தத் தூண்கள்."

பெண்கள் எழுதிக்கொண்டார்கள். முகத்தில் மட்டும் தெளிவில்லை. அப்போது அண்ணி என் காதில் சொன்னாள்: "கூவைக்கிழங்கு மாவைக் கரைத்துத் தெளியவைத்து, வெயிலில் காயவைத்தால் இப்படித்தானே கட்டம் கட்டமாக வெடிக்கும்?"

டீச்சருக்குப் பாம்புச் செவி. "அம்மா, அதை உரக்கச் சொல்லுங்கள்!" என்றார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தப்பட்ட அண்ணி, தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே நாற்பது பெண்களுக்கு எதிரில் சொன்னாள்.

"ஆராய்ச்சிக்காரர்களும் சோள மாவைக் கரைத்து உலர்த்தித்தான் இந்தத் தூண்கள் உண்டாகும் விதத்தைச் சோதிக்கிறார்கள்" என்றார் டீச்சர். "மாவிலிருந்து ஈரம் போகிறது, இங்கே சூடு போயிற்று. சுருங்குவதும் வெடிப்பதும் ஒன்றே."

அண்ணன் மகள் தாயாரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவள் நோட்டில் அன்று எழுதிய முதல் வரி: 'அம்மா சொன்னது.'

ஒரு பெண் சிறு கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டாள். இது அரசாங்கம் பாதுகாக்கும் தேசியப் புவியியல் சின்னம் என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைக்கச் செய்தார் டீச்சர்.

சகோதரிகளே, அடுத்த காகிதம் வரும்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள். படகில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? எத்தனை பெரியவர்கள் கூடப் போகிறார்கள்? தண்ணீரில் இறங்க விடுவார்களா? சரியான பதில் வந்தால் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள்.

போன வாரம் அண்ணியிடமிருந்து தொலைபேசி. பள்ளிக்கூடத்தில் இன்னொரு பயணமாம். காகிதம் வந்த அன்றே கையெழுத்துப் போட்டாளாம். கேட்டது ஒரே கேள்விதான்: "தாயார்களுக்கு இடம் உண்டா?"