பள்ளி முடிந்தபோது ஒரு வாய்ப்பும் இல்லை: ஜாஷ் ஆலன் உச்சத்துக்கு வந்தது எப்படி?

காற்பந்து என்றதும் உங்களுக்கு மெஸ்ஸி, ரொனால்டோ ஞாபகம் வரலாம். அமெரிக்கர்களுக்கு அது வேறு விளையாட்டு. அங்கே ஆட்டத்தின் மூளை, குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு, எப்போது வீசுவது என்று சில விநாடிகளில் முடிவெடுப்பவர் அவர்தான்.

என்எஃப்எல் லீக்கில் 32 அணிகள். அப்படியென்றால் முதல்நிலை குவார்ட்டர்பேக் இடங்களும் 32தான். உயர்நிலைப் பள்ளிகளில் இந்த விளையாட்டை ஆடுவோரோ சுமார் 1 மில்லியன் பேர்!

அந்த 32 பேரில் ஒருவர், பஃபலோ பில்ஸ் அணியின் ஜாஷ் ஆலன். 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் ஆக மதிப்புமிக்க விளையாட்டாளர். 2025இல் அவர் கையெழுத்திட்ட 6 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 330 மில்லியன் அமெரிக்க டாலர்.

ஆனால் பள்ளியை முடித்தபோது அவரை யாரும் சீண்டவில்லை.

*ஏன் கண்ணில் படவில்லை?*

கலிஃபோர்னியாவின் ஃபயர்பா, பண்ணைகள் சூழ்ந்த சிற்றூர். ஆலனின் குடும்பமும் விவசாயக் குடும்பம்தான். வசதியுள்ள பிள்ளைகள் பலர் தனிப் பயிற்றுவிப்பாளர், சிறப்பு முகாம் என்று சுற்றும் வயதில், ஆலன் பேஸ்பாலும் கூடைப்பந்தும் ஆடிக்கொண்டு பண்ணை வேலையும் பார்த்தார். உயரம் இருந்தது, உடம்பு ஒல்லி.

சிறுவயதிலிருந்தே அவர் ரசித்த ஃபிரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருந்தது. அதுகூட உபகாரச் சம்பளம் தரவில்லை.

*அப்புறம் என்ன செய்தார்?*

ரீட்லி சமூகக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரே பருவம். அதற்குள் உடம்பும் தேறியது, ஆட்டமும் தேறியது.

பிறகு தம் ஆட்டக் காணொளியுடன் நாடெங்கும் உள்ள பயிற்றுவிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில்! உபகாரச் சம்பளம் தர முன்வந்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள். அவர் வயோமிங்கைத் தேர்ந்தெடுத்தார்.

2015இல் அங்கு விளையாடத் தொடங்கியதுமே காறை எலும்பு முறிந்தது. அந்தப் பருவம் போச்சு. அடுத்த ஆண்டு திரும்பி வந்தார்.

*டிராஃப்ட் என்றால்?*

என்எஃப்எல் அணிகள் கல்லூரி விளையாட்டாளர்களை வரிசைமுறையில் தெரிவுசெய்யும் நிகழ்வு அது. பள்ளியை முடித்து 3 ஆண்டுகள் ஆகாதவரை யாரும் அதில் பங்கேற்க முடியாது. 2018இல் பஃபலோ, ஆலனை 7ஆவது இடத்தில் தெரிவுசெய்தது.

கை பலம் அபாரம், குறி தப்புகிறது என்று அப்போது பலர் குறைகூறினர். முதல் பருவத்தில் அவர் வீசியதில் 52.8 விழுக்காடு மட்டுமே சரியாகச் சென்றுசேர்ந்தது. 2020இல் அது 69.2 விழுக்காடு. கால் வைக்கும் முறையிலிருந்து வீசும் முறைவரை திருத்திக்கொண்டார். அதற்கு நேரம் கொடுத்து அணியும் காத்திருந்தது.

*இன்னோர் ஆலன் வர முடியுமா?*

இதுதான் இப்போதைய கேள்வி. 2021 முதல் கல்லூரி விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துப் பணம் ஈட்டலாம். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் சுலபமாகிவிட்டது. அதனால் பல பயிற்றுவிப்பாளர்கள், வளர்த்தெடுக்க வேண்டிய 18 வயதுப் பிள்ளையைவிட, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிப் பழகியவரை நாடுகின்றனர்.

மாற்றத்தில் நன்மையும் உண்டு. சிறிய கல்லூரியில் மின்னுபவர் பெரிய கல்லூரிக்குப் போகலாம். ஆனால் முதலில் எங்காவது ஓர் இடம் கிடைக்கவேண்டுமே?

ஆலனின் கதையை விடாமுயற்சியின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. 17 வயதில் அவரை எடைபோட்டவர்கள், 20 வயதில் அவர் எப்படி இருப்பார் என்று பார்க்கத் தவறினார்கள். இடையில் ஒரு சமூகக் கல்லூரி கதவைத் திறந்து வைத்திருந்தது. மற்ற பாதி அதுதான்.