மழை ஓய்ந்த பின் வரும் காய்ச்சல்: சித்தூர் வட்டாரத்துக்கு முன்னெச்சரிக்கை தேவை

காணிப்பாக்கம்: ஆந்திரப் பிரதேச மாநிலம், சித்தூர் மாவட்டம் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலில் விநாயகர் சதுர்த்தியன்று தொடங்கும் பிரம்மோற்சவம் 21 நாள்கள் நடைபெறுகிறது. விழா முடிந்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். வறட்சிக்குப் பெயர் பெற்ற ராயலசீமைக்கு இம்மழை வரம் என்றாலும், இதன் பின்னாலேயே ஒரு காய்ச்சலும் வருகிறது.

வானிலையால் உடல்நலத்துக்கு நேரும் கேடு என்றால் இப்பகுதியில் முதலில் பேசப்படுவது வெயில். 2015-ஆம் ஆண்டு மே மாதம் ஆந்திரம், தெலங்கானா ஆகிய இரு மாநிலங்களிலும் சேர்த்து 2,000-க்கும் மேற்பட்டோர் வெப்ப அலைக்குப் பலியாயினர். சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்பது இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரையறை. அந்த அளவை ஒட்டியே எச்சரிக்கைகள் வெளியாகின்றன. மழைக்குப் பிந்தைய காய்ச்சலுக்கு இத்தகைய அளவுகோல் இல்லை.

உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ், பாக்டீரியாவால் உண்டாவது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் இது மனிதருக்குத் தொற்றுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதில்லை. மழையில் புல்லும் புதரும் தழைக்க, ஈரப்பதமும் கூடும்போது உண்ணிகள் பெருகுகின்றன. தென்னிந்தியாவில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். வயலில் வேலை செய்வோரும், ஆடு மாடு மேய்ப்போரும், விறகு பொறுக்குவோரும் எளிதில் இதற்கு ஆளாகின்றனர்.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருநிறப் பொருக்கு தோன்றலாம். வலி இராது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியும் அறிவதில்லை. தேடிப் பார்க்காத மருத்துவரும் அறிவதில்லை. டெங்கு என்றோ டைபாய்டு என்றோ கருதி நாள்களைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படுகின்றன. பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படுவதில்லை. ஆனால், விலை மலிவான டாக்ஸிசைக்ளினை உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் விரைவில் குணமடைகின்றனர். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிடச் சிறந்த பலன் தருவதாக, இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த ஆய்வுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமை வகித்தது.

இங்குதான் எல்லைச் சிக்கல் எழுகிறது. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். காய்ச்சல் கடுமையானால் சித்தூர் மாவட்டத்தார் பலர் மாநில எல்லையைக் கடந்து அங்குச் செல்கின்றனர். நோய் தொற்றிய ஊர் ஓரிடம், உறுதி செய்யப்படும் ஊர் வேறிடம் என்றாகும்போது, அத்தகவல் நோயாளியின் சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனுக்குடன் திரும்பி வந்தால்தான் அண்டை வீட்டாருக்குப் பயன்படும்.

வெப்ப அலைக்குச் சில நாள்கள் முன்னதாகவே எச்சரிக்க இயலும். உண்ணிக் காய்ச்சலில் அதைவிடக் கூடுதல் அவகாசம் உண்டு. மழைக்கும் நோய்ப் பெருக்கத்துக்கும் இடையே வாரங்கள் கழிகின்றன. அதற்குள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தை இருப்பு வைக்கலாம். காய்ச்சலுடன் வருவோரின் உடலில் பொருக்கைத் தேடுமாறு செவிலியருக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் நினைவூட்டலாம். வீட்டைச் சுற்றியுள்ள புதர்களை அகற்றுமாறு ஊராட்சிகள் அறிவிக்கலாம்.

பருவநிலை மாற்றத்தால் மழையின் காலமும் அளவும் முறை தவறி வருகின்றன. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளக்காடாக்கிய கனமழை அண்மைக்கால அனுபவம். மழை நிவாரணம் என்பது வெள்ளம் வடிந்ததும் முடிந்துவிடக் கூடாது. அடுத்த சில வாரங்களின் காய்ச்சல் கணக்கும் அதில் அடங்க வேண்டும்.