எவரெஸ்ட் பேஸ் கேம்ப் ட்ரெக்: 9 நாள் லீவு போதுமா?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருவர் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பில் நின்று எடுத்த படத்தைப் போடுகிறார். "நாமளும் போலாமா?" என்று ஒருவர் கேட்ட அடுத்த நிமிடமே லீவுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. 5 நாள் லீவு போட்டால், முன்னும் பின்னும் வரும் சனி, ஞாயிறு சேர்த்து 9 நாள். 'நடந்து ஏறி, ஹெலிகாப்டரில் இறங்கிடலாம்' என்று யாராவது ஐடியாவும் கொடுப்பார்கள்.

கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால், அதில் விட்டுப்போவது எது?

எவ்வளவு உயரம்?

நேபாளப் பக்கத்து பேஸ் கேம்ப் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடை தொடங்கும் லுக்லாவே சுமார் 2,850 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். அதாவது, நம் ஊர்ப் பக்கத்தில் மலை முடிகிற இடத்துக்கு மேலேதான் அங்கே பயணமே ஆரம்பிக்கிறது.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். ஆனால், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். பேஸ் கேம்ப்பில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. உடம்பு இதற்குப் பழகும். அதற்கு நாட்கள் வேண்டும்.

ஏறுவதற்கு ஏன் 8 நாள்?

வழக்கமான பாதை இதுதான்: ஃபாக்டிங், நாம்சே பஜார் (3,440 மீட்டர்), தெங்போச்சே, டிங்போச்சே (4,410 மீட்டர்), லோபுச்சே, கோரக் ஷெப். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் 8 நாள்.

3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் நிற்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அந்த இரண்டு ஓய்வு நாட்கள் இதற்காகத்தான்.

இப்போது 9 நாள் கணக்கைப் பாருங்கள். காத்மாண்டு போய்ச் சேர 1 நாள், ஏற 8 நாள், ஹெலிகாப்டரில் இறங்கி வீடு திரும்பக் குறைந்தது 1 நாள். மொத்தம் 10. எனவே, 9 நாளில் முடிக்க வேண்டும் என்றால் வெட்டப்படுவது பெரும்பாலும் ஓய்வு நாளாகத்தான் இருக்கும். மிச்சப்படுத்துவதாக நாம் நினைப்பது லீவை. உண்மையில் குறைப்பது பாதுகாப்பை.

'நான் டெய்லி ஜிம் போறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது' - சரியா?

இல்லை. உயர நோய்க்கும் உடல் வலிமைக்கும் பெரிய தொடர்பு கிடையாது. மாரத்தான் ஓடுபவருக்கும் வரலாம். சொல்லப்போனால் ஃபிட்டாக இருப்பவர்களிடம் ஒரு ஆபத்து கூடுதல்: வேகமாக ஏறிவிடுவார்கள், தலைவலியை வெளியே சொல்ல மாட்டார்கள்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி சேர்ந்து வந்தால் அது முதல் எச்சரிக்கை. அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும். சரியாகவில்லை என்றால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழம்பினால் மூளையில் வீக்கம் இருக்கலாம். இந்த இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. ராத்திரியாக இருந்தாலும் உடனே கீழே இறங்குவதுதான் முதல் சிகிச்சை.

டயமாக்ஸ் என்ற அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும். டாக்டரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். ஓய்வு நாளுக்கு அது மாற்று இல்லை.

ஹெலிகாப்டர் இருக்கே, அப்புறம் என்ன?

மேகம் மூடினால் ஹெலிகாப்டர் வராது. இன்சூரன்ஸிலும் சிக்கல் உண்டு. பல டிராவல் பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. 'ட்ரெக்கிங்', 'ஹெலிகாப்டர் மீட்பு', 'அதிகபட்ச உயரம்' என்ற மூன்று விஷயங்களையும் பாலிசியில் தேடிப் படியுங்கள்.

இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. தேவையே இல்லாமல் ஹெலிகாப்டரை வரவழைத்து இன்சூரன்ஸ் பணம் பார்த்த மோசடிகளை 2018-ல் நேபாள அரசு விசாரித்தது. லேசான தலைவலிக்கே 'உடனே ஹெலிகாப்டர்ல போயிடுங்க' என்று யாராவது அவசரப்படுத்தினால் நின்று யோசியுங்கள். ஆபத்தான அறிகுறிகள் எவை என்று தெரிந்திருந்தால்தான் இரண்டு பக்கமும் ஏமாறாமல் இருக்க முடியும்.

பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் சீசனில் நடத்தும் கிளினிக்கில் மருத்துவர்கள் உயர நோய் பற்றி விளக்கம் தருகிறார்கள். போகிற வழியில் தவறாமல் கேளுங்கள்.

உங்கள் பையைச் சுமப்பவர்?

சுமை தூக்குபவர்களில் பலர் தாழ்வான பகுதிகளிலிருந்து வருபவர்கள். அவர்களுக்கும் உயர நோய் வரும். ஆனால், சொன்னால் கூலி போய்விடுமோ என்ற பயத்தில் சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் அவசரப்பட்டால் அவரும் அதே வேகத்தில்தான் ஏற வேண்டும். அவருக்கு இன்சூரன்ஸும் குளிர் உடையும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

அப்போ, எத்தனை நாள் லீவு?

நடந்தே இறங்க 3 நாள் ஆகும். போக வர நாட்களையும் சேர்த்தால் 14. லுக்லா விமானம் வானிலையை நம்பித்தான் பறக்கிறது, எனவே கையிருப்பாக 2 நாள். மொத்தம் 16. சனிக்கிழமை கிளம்பினால், மூன்று வார இறுதிகள் போக 10 நாள் லீவு போதும்.

அது கிடைக்கவில்லையா? அந்த 9 நாளில் நாம்சே, தெங்போச்சே வரை நிதானமாகப் போய் வரலாம். வானம் தெளிவாக இருந்தால் தெங்போச்சேயிலிருந்தே எவரெஸ்ட் தெரியும். பேஸ் கேம்ப் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.